பல் நிறக் கிடார்

ஜூன் 3

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் நலமும் அத்தையின் நலமும் அறிய ஆவல்.

நான் கடைசியாகக் கடிதம் எழுதியது பள்ளிக்கூடத்தில், வயிற்றுவலி என்று லீவு கேட்டு. இப்போது வேறு வழி இல்லை. உங்கள் மகள் என் நம்பரைத் தன் போனில் தடுத்துவிட்டாள். உங்கள் போனையும் அத்தை போனையும் வாங்கி அவற்றிலும் தடுத்திருக்கிறாள் போலிருக்கிறது, எந்த நம்பரை அடித்தாலும் முழுதாக ஒரு மணிகூட அடிப்பதில்லை. அதனால்தான் பட்டறை முகவரிக்கு எழுதுகிறேன். தபால்காரர் கொண்டுவரும் பல் பெட்டிகளோடு இதுவும் ஒன்றாக வந்துவிடும். நீங்கள் பல்செட் செய்யும் மருந்து வாடைக்கு அவள் பட்டறைப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டாள் என்பது எனக்குத் தெரியும்.

நடந்ததை அவள் சொல்லியிருப்பாள். என் தரப்பையும் கேளுங்கள். எலெக்ட்ரிக் கிடாரை ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசித்தால் அக்கம்பக்கத்தில் யாருக்கும் தொந்தரவு இல்லை. அந்த நல்லெண்ணத்தில்தான் மாட்டினேன். மாட்டினால் வெளிச் சத்தம் நமக்கும் கேட்காது. அவள் அன்று சாவியை மறப்பாள் என்றோ, மழை பிடிக்கும் என்றோ, ஆறு மணிக்கு வருகிறவள் நாலு மணிக்கே வருவாள் என்றோ எனக்கு எப்படித் தெரியும்? ஒன்றரை மணி நேரம் மணி அடித்தாளாம். ஜன்னல் வழியாக என் முதுகு ஆடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாளாம். “உங்க முதுகுகூட சந்தோஷமா இருந்துச்சு” என்றாள். மறுநாள் நான் வேலைக்குப் போன நேரத்தில் தன் துணிப்பெட்டியையும் கிடாரையும் எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்துவிட்டாள். ‘எது உங்களுக்கு உயிரோ அதைக் கொண்டுபோகிறேன்’ என்று ஒரு சீட்டு மட்டும் மேசைமேல் இருந்தது.

கிடார் எப்படி இருக்கிறது? ஜன்னலோரம் வைக்க வேண்டாம், கறுப்புப் பெயின்ட் வெயிலில் வெளுக்கும். ரப்பர் மேல் சாய்க்க வேண்டாம், அது பழைய லாக்கர் பூச்சு, ரப்பரோடு ஒட்டிக்கொள்ளும். நரம்புகளைச் சற்றுத் தளர்த்திவிடுங்கள். கிடாரை அதன் பெட்டிக்குள் வைத்தால் நல்லது, கிடார் பெட்டியை அவள் எடுத்துப் போகவில்லை, இங்கேதான் இருக்கிறது. வேண்டுமானால் பார்சலில் அனுப்புகிறேன்.

உங்கள் மகளும் நலம் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்


ஜூன் 8

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஆசீர்வாதம். கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். முதல் முறை மாமனாராக, இரண்டாம் முறை கணக்கெடுக்க. கிடாருக்குப் பத்து வரி. என் மகள் நலமா என்பதற்கு ஒரே ஒரு வரி, அதுவும் கடைசி வரி, அதுவும் நீங்களே நம்பிக்கொண்டுவிட்டீர்கள். நான் பதில் சொல்லவும் இடம் வைக்கவில்லை.

நான் முப்பத்தாறு வருடமாகப் பல்செட் செய்கிறவன். வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே பார்த்தால் ஆளின் குணம் தெரிந்துவிடும் என்பார் எனக்குத் தெரிந்த ஒரு டாக்டர். உங்கள் கல்யாணத்துக்கு முன் நான் உங்கள் வாயைப் பார்க்காமல் விட்டது என் தப்பு.

பாப்பா நலமாகத்தான் இருக்கிறாள். முப்பது வயதானாலும் எனக்கு அவள் பாப்பாதான், கடிதத்திலும் அப்படித்தான் எழுதுவேன். பஸ் டிப்போவில் சேர்த்து வைத்திருந்த லீவை எல்லாம் மொத்தமாக எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். பஸ்களுக்கு நேரம் குறித்துக் கொடுத்தவள் சும்மா இருப்பாளா? இப்போது எங்கள் வீட்டுக்கு நேர அட்டவணை போடுகிறாள். நான் குளிக்க ஏழு இருபது, வீட்டம்மா குளிக்க ஏழு முப்பத்தைந்து. இரண்டு நிமிடம் தாமதமானால் கதவைத் தட்டி “என்னப்பா, பிரேக்டவுனா?” என்கிறாள்.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கிடாரை அவள் வந்த அன்றே “இது என் கண்ணுல படக்கூடாது” என்று என் பட்டறையில் சாய்த்துவிட்டுப் போனாள். அது நின்ற இடம் என் வேலை மேசையின் ஓரம். மேசைமேல் அக்ரிலிக் தூளைக் கரைக்கும் திரவம் ஒரு பாட்டில் இருந்தது. என் சட்டைக் கையும் இருந்தது. மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தபோது என்ன நடக்குமோ அதுதான் நடந்தது.

பெயின்ட் தோல் உரிந்த மாதிரி சுருங்கி எழுந்துவிட்டது. துடைத்தேன். துடைத்த துணியோடு இன்னும் கொஞ்சம் வந்துவிட்டது. இப்போது உங்கள் கிடாரின் வயிற்றில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு மரம் தெரிகிறது.

பாப்பாவுக்குத் தெரியாது. தெரிந்தால் ஒருவேளை சந்தோஷப்படுவாள், அதுதான் எனக்கு இன்னும் பயம்.

இப்படிக்கு,
மாமனார்


ஜூன் 11

மாமா,

கடிதத்தை நான் லிஃப்ட்டின் கூரைமேல் உட்கார்ந்துதான் படித்தேன். ஒன்பது மாடிக் கட்டடம், ஆறாவது மாடி, கேபிளுக்கு மசகு போடும் வேலை. ‘சாப்பாட்டுத் தட்டு’ என்ற இடத்தில் என் கையிலிருந்த ஸ்பானர் கீழே போய்விட்டது. அது விழும் சத்தம் கேட்கவே ரொம்ப நேரம் ஆனது.

கோபப்படக் கூடாது என்று நாலு தடவை எண்ணினேன். நீங்கள் வேண்டுமென்றா செய்தீர்கள்? சரி, விடுங்கள். பாதி உரிந்ததை ஒட்டுப்போட முடியாது. முழுவதையும் உரித்துப் புதிதாக ஸ்ப்ரே லாக்கர் அடிக்க வேண்டியதுதான். உங்களுக்குப் பொறுமை இருக்கிறது, கை நடுங்காது, முகமூடி கைவசம் இருக்கிறது. பட்டறையில் எப்போதும் நாற்றம் அடிப்பதால் லாக்கர் வாடை புதிதாக வந்ததே யாருக்கும் தெரியாது. நான் எழுதுவதை எழுதியபடியே செய்யுங்கள்.

முதலில் நரம்புகளைக் கழற்றுங்கள். பின்பக்கம் இருக்கும் இரும்புத் தகட்டில் நாலு ஸ்க்ரூ. அதை எடுத்தால் கழுத்து தனியாக வந்துவிடும். மற்ற பாகங்களையும் கழற்றி, எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்தது என்று எழுதி வையுங்கள். வெறும் உடம்பு மட்டும் மிஞ்சும். பழைய பெயின்டை மொத்தமாக உரித்துவிட்டு, நூற்றிருபதாம் நம்பர் உப்புத்தாளில் ஆரம்பித்து, இருநூற்றிருபது, முந்நூற்றிருபது என்று தேயுங்கள். மர ரேகை ஓடும் திசையில் மட்டும் தேயுங்கள், குறுக்கே வேண்டாம். அடிபட்டுப் பள்ளம் விழுந்த இடங்களில் பட்டி பார்த்துச் சமன் செய்யுங்கள்.

கறுப்பு வேண்டாம். கறுப்பில் சின்னத் தப்பும் பளிச்சென்று தெரியும். வெளிர் நிறமாக, கொஞ்சம் மஞ்சள் கலந்த வெள்ளையாக இருக்கட்டும்.

இவ்வளவு எழுதிய பிறகுதான் தோன்றுகிறது. நீங்கள் கணக்கெடுப்பீர்கள். பாப்பா சரியாகச் சாப்பிடுகிறாளா? அவளுக்கு மழையில் நனைந்தால் இருமல் வரும், அது சரியாகிவிட்டதா? நான் கேட்டேன் என்று சொல்ல வேண்டாம்.

மருமகன்


ஜூன் 17

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இருமல் போய்விட்டது. இந்தக் கடிதத்தில் முன்னேற்றம் தெரிகிறது.

வேலையும் முன்னேறிவிட்டது. ஸ்க்ரூக்களைப் பல் பெட்டிகளில் பிரித்து வைத்திருக்கிறேன். கழுத்து ஸ்க்ரூ நாலும் மேல் கடைவாய்ப் பெட்டியில். நரம்புகளைத் தாங்கும் பாலத்தின் ஸ்க்ரூ ஆறும் கீழ் முன்பல் பெட்டியில். நேற்று அவசரத்தில் ஒரு டாக்டர் வந்து அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு போகப் பார்த்தார், வாசலில் வைத்துப் பிடித்துவிட்டேன்.

பெயின்டை உரித்துத் தேய்த்து முடித்தேன். நம்பர் விஷயத்தில் உங்களுக்கு அனுபவம் போதாது. நான் அறுநூறு வரைக்கும் போனேன். எங்கள் தொழிலில் நாக்கு படும் இடம் சொரசொரப்பாக இருந்தால் நோயாளி விடமாட்டான்.

பள்ளங்களை அடைக்கச் சொல்லியிருந்தீர்கள். மொத்தம் ஐந்து பள்ளம். ஐந்தையும் அடைத்தேன். அடைத்துவிட்டுப் பார்த்தால், நீங்கள் எழுத மறந்த ஓட்டைகள் ஏகப்பட்டவை. பின்பக்கம் நாலு, முன்பக்கம் ஆறு, ஓரமெல்லாம் குட்டிக் குட்டியாகப் பத்துப் பன்னிரண்டு, பக்கவாட்டில் விரல் நுழையும் அளவுக்கு ஒன்று. உள்ளே ஒரு குழியிலிருந்து இன்னொரு குழிக்குச் சுரங்கம் மாதிரி ஒரு வழி. ஓட்டையைப் பார்த்தபின் சும்மா விடுவது எனக்குப் பழக்கமில்லை. எல்லாவற்றையும் அடைத்துவிட்டேன். கடையில் விற்கும் பட்டி தரம் போதாது, ஆறு மாதத்தில் வெடிக்கும். அதனால் பல்செட்டின் ஈறு செய்யும் ரோஸ் நிற அக்ரிலிக்கையே ஊற்றினேன். கல் மாதிரி இறுகிவிட்டது. உங்கள் பேரன் காலத்திலும் விழாது.

பெரிய குழிகள் மூன்று பாக்கி. அவற்றை நிரப்பினால் எடை கூடும் என்பதால் மேலே ஒரு மூடி செய்து ஒட்டிவிடலாமா என்று யோசிக்கிறேன்.

நிறத்துக்கு மாதிரி அனுப்பியிருக்கிறேன். கடிதத்தோடு ஒரு பல் இருக்கும். பயப்பட வேண்டாம், பீங்கான்தான். நோயாளிக்கு நிறம் பார்க்கும் வரிசையில் இரண்டாம் நம்பர், நடுத்தர வயதுக்காரர்களுக்கு நன்றாக எடுக்கும். சம்மதமா?

மாமனார்


ஜூன் 21

மாமா! மாமா!

அந்த மூடியைச் செய்யாதீர்கள். இந்தக் கடிதம் வருவதற்குள் செய்திருந்தால் ஒட்டாதீர்கள். ஒட்டியிருந்தால் என்னிடம் சொல்லாதீர்கள்.

நீங்கள் எழுதிய ஒவ்வொரு ஓட்டைக்கும் வேலை இருக்கிறது. பின்னால் இருக்கும் நாலில்தான் கழுத்து நிற்கிறது. முன்னால் ஆறில் பாலம். விரல் நுழையும் ஓட்டையில்தான் ஒயர் குத்துவது. அந்தச் சுரங்கம் வழியாகத்தான் கரன்ட் போகிறது! எலெக்ட்ரிக் கிடாருக்கு நீங்கள் முழு வாய்க்கும் பல் அடைத்துவிட்டீர்கள். இப்போது அது ஒரு பலகை. ஈறு வைத்த பலகை.

நேற்று முழுக்க யாரோடும் பேசவில்லை. இன்று உங்கள் வரியை மறுபடி படித்தேன். ‘ஓட்டையைப் பார்த்தபின் சும்மா விடுவது எனக்குப் பழக்கமில்லை.’ சிரிப்பு வந்துவிட்டது. தனியாக இருக்கும் வீட்டில் ஒருவன் சத்தம் போட்டுச் சிரித்தால் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது மாமா. நன்றாக இல்லை.

சரி, வழி சொல்கிறேன். பின்பக்கத் தகட்டையே அச்சாக வைத்து நாலு புள்ளி குறித்து டிரில் போடுங்கள். முன்பக்கத்துக்குப் பாலத்தை அச்சாக வையுங்கள். சுரங்கத்துக்கு நீளமான டிரில் வேண்டும், மெதுவாக, சூடேறாமல் போக வேண்டும். பல் குடையும் கை உங்களுக்கு, இது பெரிய விஷயமில்லை. அதன் பிறகு அடிப்பூச்சாக சீலர், அது காய்ந்ததும் நிறம். டப்பாவைக் குலுக்கி ஓர் அடி தள்ளிப் பிடியுங்கள். கிடாருக்கு வெளியே அழுத்த ஆரம்பித்து மறுபக்கம் வெளியே போய் விடுங்கள். நடுவில் நிற்காதீர்கள், நின்றால் ஒழுகும். ஒரு கோட் அடித்து ஒரு மணி நேரம் விட்டு அடுத்த கோட். ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். மழை நாளில் டப்பாவைத் தொடவே வேண்டாம்.

பல் விஷயம்: உறையைப் பிரித்ததும் அது துள்ளி விழுந்து லிஃப்ட் குழிக்குள் போய்விட்டது. விழும்போது பார்த்தேன், நல்ல நிறம்தான். அதையே அடியுங்கள். நேற்று அந்தக் கட்டடத்துக் காவலாளி அதைக் கண்டெடுத்து, “யாராவது அடிபட்டுட்டாங்களா சார்?” என்று மாடி மாடியாக ஏறிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவள் என்னைப் பற்றி ஏதாவது பேசுகிறாளா? திட்டினாலும் பரவாயில்லை, எழுதுங்கள்.

மருமகன்


ஜூன் 28

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

எல்லா ஓட்டையும் திறந்துவிட்டது. சுற்றிலும் ரோஸ் நிற அக்ரிலிக் வளையம் இருப்பதால் ஸ்க்ரூ முன்னைவிட இறுக்கமாக ஏறுகிறது. இதை நீங்கள் பிறகு உணர்ந்து நன்றி சொல்வீர்கள்.

சீலர் அடித்தேன். நிறமும் அடித்தேன். மூன்றாம் கோட் அன்று காலையில் வெயில், மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் மழை. ஈரக் காற்று பட்டதும் லாக்கர் சுண்ணாம்பு பூசிய சுவர் மாதிரி வெளுத்துவிட்டது. பதற்றத்தில் நடுவில் நின்று அழுத்திவிட்டேன், கீழ் ஓரத்தில் மூன்று இடம் ஒழுகி நிற்கிறது.

அதைப் பார்த்துக்கொண்டு நான் நிற்கும்போது பாப்பா உள்ளே வந்துவிட்டாள். டீ குடிக்க நாலு பத்து என்று அட்டவணை, நான் நாலு இருபது வரை போகவில்லை. முகமூடியும், மூக்குக்கண்ணாடி முழுக்க வெள்ளைப் புள்ளியுமாக நான். கூரையிலிருந்து கம்பியில் தொங்கும் கிடார். அவள் இரண்டையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். “இது காயணும்லப்பா?” என்றாள். காய வேண்டும் என்றேன். “காஞ்சதும் தேய்க்கணும்ல?” என்றாள். ஆமாம் என்றேன். போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து வந்து, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, உப்புத்தாளை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு தேய்க்க உட்கார்ந்தாள். மூன்று மணி நேரம். அந்தத் தேய்ப்பை நான் இந்த முப்பத்தாறு வருடத்தில் பார்த்ததில்லை. ஒழுகல் போன இடம் தெரியவில்லை. நிறுத்தச் சொன்னால் நிறுத்துகிறாளா? உங்கள் முன்கை படும் ஓரத்தில் மரம் தெரியும் வரை தேய்த்துவிட்டாள். அப்போதுதான் வாய் திறந்தாள்.

“அன்னைக்கு மணி அடிச்சது கேக்கலன்னு ஆயிரம் தடவை சொல்லிட்டாரு. சரி, கேக்கல. ஆறு மணிக்கு வர்றவ ஏன் நாலு மணிக்கே வந்தேன்னு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கேட்டாராப்பா?”

மாப்பிள்ளை, நானும் கேட்கவில்லை. நானும் இந்த ஒரு மாதமாகக் கிடாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வேலை பற்றி ஒரு யோசனை. லாக்கர் முழுதாகக் காய நாலு வாரம் ஆகும் என்று டப்பாவில் போட்டிருக்கிறது. பல்செட்டை நாங்கள் வெந்நீரில் வேகவைத்து ஒரு மணி நேரத்தில் இறுக்கிவிடுவோம். என் தொட்டி சிறியது. வீட்டம்மாவின் துணி ஊறவைக்கும் பெரிய டப்பில் வைத்துப் பார்த்தேன், உடம்பு முழுக்க அமுங்குகிறது, கொம்பு இரண்டும் மட்டும் வெளியே நிற்கின்றன. தண்ணீர் சுட வைக்கவா?

மாமனார்


ஜூலை 1

மாமா,

வேகவைக்காதீர்கள்.

வேகவைக்காதீர்கள்.

கீழே எழுதப்போவதில் கவனம் சிதறி இதை மறந்துவிடக் கூடாது என்று முதலிலேயே இரண்டு முறை எழுதினேன். மழை இல்லாத நாளில் மெல்லிசாக ஒரு கோட் அடித்தால் அந்த வெளுப்பு தானாகப் போய்விடும். பிறகு நிறமில்லாத லாக்கர் எட்டுக் கோட். கம்பியிலேயே தொங்கட்டும். அவள் தேய்த்த ஓரத்தை என்ன செய்வது என்று அவளிடமே கேளுங்கள்.

அவள் ஏன் சீக்கிரம் வந்தாள்?

இதை நான் கேட்கவே இல்லை என்பது உங்கள் கடிதத்தில் படித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நம்ப மாட்டீர்கள், தெரியவே தெரியாது. அன்று அவள் நனைந்து உள்ளே வந்ததும் நான் துண்டு எடுத்துக் கொடுத்தேன், மன்னிப்புக் கேட்டேன், ஹெட்போனைக் காட்டி விளக்கினேன், மறுபடி விளக்கினேன். என் மேல் தப்பில்லை என்று நிரூபிக்கவே நேரம் போதவில்லை. அவள் கையில் ஒரு பழுப்பு உறை இருந்தது. நனைந்துவிட்டதே என்று ஃபேனுக்குக் கீழே வைத்தேன். அது என்ன என்று கேட்கவில்லை. உறை காய வேண்டும் என்று தோன்றியது, உள்ளே என்ன இருக்கிறது என்று தோன்றவில்லை. நான் எப்பேர்ப்பட்ட மரமண்டை!

உடம்புக்கு ஏதாவதா? வேலை போய்விட்டதா? சொல்லுங்கள் மாமா. இன்று ஒரு லிஃப்ட்டை நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நிறுத்திவிட்டு இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்த அம்மாள் போன் செய்து திட்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

மருமகன்


ஜூலை 5

மாப்பிள்ளை,

வேகவைக்கவில்லை. தண்ணீர் வெதுவெதுப்பாகும் முன்பே வீட்டம்மா டப்பைக் கவிழ்த்துவிட்டாள்.

உறையில் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியது அவள்தான். ஆனால் நாள் குறைவாக இருக்கிறது, அதனால் சொல்கிறேன். வேறு ஊரில் பெரிய டிப்போ. அவள் இப்போது இருக்கும் டிப்போவைப் போல நாலு மடங்கு பஸ். அதற்கு நேரம் குறிக்கும் பிரிவு முழுவதற்கும் இவளைத் தலைமையாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். பதினோரு பேரை நேரில் பார்த்துவிட்டு இவளை எடுத்தார்கள். அன்று மத்தியானம் உறை கைக்கு வந்ததும், உங்களிடம் முதலில் சொல்ல வேண்டும், போகலாமா வேண்டாமா என்று உங்களோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்று பாதி நாள் லீவு போட்டு ஓடி வந்தாள். சாவியை மேசையில் மறந்தது அந்த அவசரத்தில்.

இம்மாதம் பதினைந்துக்குள் ஒப்புதல் பாரத்தை நிரப்பித் தன் அலுவலகத்தில் நேரில் கொடுக்க வேண்டும். நிரப்பிவிட்டாள். அட்டவணை போடுகிறவள் அல்லவா, எல்லாக் கட்டத்திலும் முத்து முத்தாக எழுதியிருக்கிறாள். ஒரே ஒரு கட்டம் காலி. ‘குடியிருப்பு: ஒருவருக்கு / குடும்பத்துக்கு’. ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். தினமும் பாரத்தை எடுக்கிறாள், அந்தக் கட்டத்தைப் பார்க்கிறாள், மறுபடி உறையில் வைக்கிறாள். நேற்று பேனாவின் மூடியைத் திறந்துவிட்டாள். ‘ஒருவருக்கு’ என்ற பக்கம்தான் கை போனது. நான் தும்மினேன். பொய்த் தும்மல். எத்தனை நாள் நான் தும்ம முடியும்?

நான் உங்களைக் கேலி செய்து எழுதியிருக்கிறேன். அதெல்லாம் மாமனார் உரிமை. இப்போது கேலி இல்லை. என் மகள் தனியாகப் போய் ஒரு வீட்டைத் திறப்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. இதற்குப் பதில் எழுதாதீர்கள். கடிதம் வர மூன்று நாள், நான் படித்து அவளிடம் எப்படிச் சொல்வது என்று விழிக்க மூன்று நாள். கிளம்பி வாருங்கள்.

வெளுப்பு போய்விட்டது, நிறமில்லாத லாக்கர் நாலு கோட் முடிந்தது, மீதி நாலும் இந்த வாரத்தில் முடிந்துவிடும். தேய்ந்த ஓரத்தை மறுபடி அடிக்கவா என்று பாப்பாவிடம் கேட்டேன். “இருக்கட்டும். வாசிக்கும்போதெல்லாம் கை அங்கதானே படும், உறுத்தட்டும்” என்றாள். உறுத்தாது, அதன்மேலும் நான் லாக்கர் அடித்துவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை.

மாமனார்


ஜூலை 8

மாமா,

எழுத வேண்டாம் என்று சொன்னீர்கள். ஆனாலும் எழுதுகிறேன், சொல்லாமல் வந்து நின்றால் அத்தை என்னை டப்போடு கவிழ்த்துவிடுவார்கள்.

பன்னிரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பதினோரு மணிக்கு வருகிறேன். என் மேலாளரிடம் பேசிவிட்டேன். “எந்த ஊருக்குப் போனா என்னப்பா, மாடி கட்டாத ஊரு ஒண்ணு இருக்கா? மாடி இருந்தா லிஃப்ட் இருக்கும், லிஃப்ட் இருந்தா அது நின்னுபோகும்” என்றார். எனக்கு வேலை கிடைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு வாசிக்கும் மூன்று பேரிடமும் சொல்லிவிட்டேன். ஒருவன் அழுதான், ஆனால் அவன் எதற்குமே அழுவான்.

நான் சொல்ல வேண்டியதை நாலு பக்கம் எழுதிப் பார்த்தேன். படித்தால் எல்லாம் மறுபடி ஹெட்போன் விளக்கமாகவே இருக்கிறது. கிழித்துவிட்டேன். ஒரு கேள்வி மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்காரப் போகிறேன். அதற்குக்கூட பயமாக இருக்கிறது. அவள் கதவைத் திறக்காவிட்டால் ஒன்றரை மணி நேரம் நிற்பேன். மழை வந்தாலும் நிற்பேன்.

மருமகன்


ஜூலை 14

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஆசீர்வாதம். இருவரும் நலமாக ஊர் போய்ச் சேர்ந்தீர்களா?

உங்கள்மேல் எனக்கு ஒரு வருத்தம், அதை எழுதாமல் தூக்கம் வராது. நீங்கள் வரும் நாளுக்காக நான் மூன்று நாள் பாலிஷ் போட்டேன். ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் என்று சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, கடைசியில் முன்பல்லுக்குப் போடும் பாலிஷையே போட்டேன். இவ்வளவு சீக்கிரம் போடக் கூடாது என்று தெரியும், ஆசை விடவில்லை. என் மூக்குக்கண்ணாடி அதில் தெரிந்தது. கழுத்தைப் பூட்டினேன். நரம்பு கட்டினேன். உள்ளே வந்ததும் உங்கள் கண்ணில் படட்டும் என்று பட்டறை வாசலுக்கு நேராகத் தொங்கவிட்டேன். நீங்கள் “ஆகா” என்பீர்கள், நான் “இதென்ன பெரிய விஷயம்” என்பேன் என்று வீட்டம்மாவிடம் சொல்லிப் பழகியும் வைத்திருந்தேன்.

நீங்கள் வந்தீர்கள். உங்கள் தோள் இடித்துக் கிடார் ஒரு சுற்றுச் சுற்றியது. நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “பாப்பா எங்க மாமா?” என்றீர்கள். என் மகளை நீங்கள் பாப்பா என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அப்படியே நேராக உள்ளே போய்விட்டீர்கள்.

கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன், ஒளிக்க மாட்டேன். “அன்னைக்கு ஏன் சீக்கிரமா வந்த?” என்றீர்கள்.  அவள் பேச ஆரம்பித்தாள். காலை டீ நேரம் போனது, சாப்பாட்டு நேரம் போனது, அட்டவணையே கந்தலாகிவிட்டது. நடுவில் நீங்கள் ஒரு தடவைகூட “நான் என்ன சொல்றேன்னா” என்று ஆரம்பிக்கவில்லை. பேனா மூடி திறக்கும் சத்தம் கேட்டபோது நான் தும்மவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தேன். ‘குடும்பத்துக்கு’ என்ற பக்கத்தில் கட்டத்தையே கிழித்துவிடுகிற மாதிரி அழுத்தி டிக் அடித்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டம்மா லாக்கர் வாடை என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாளே பாரத்தைக் கொடுக்க வேண்டும், மூன்று ஐம்பது பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று அவள் உங்களை இழுத்துக்கொண்டு ஓடினாள். பெட்டியை எடுத்தீர்கள், உறையை எடுத்தீர்கள், குடையைக்கூட எடுத்தீர்கள்.

மாப்பிள்ளை, கிடாரை விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். இதோ எனக்கு எதிரே தொங்குகிறது.

மாமனார்


ஜூலை 17

அன்புள்ள மாமாவுக்கு,

பாரத்தைக் கொடுத்துவிட்டோம். வாங்கிக்கொண்ட அதிகாரி கட்டத்தைப் பார்த்துவிட்டு, “குடும்பம்னு நல்லாவே தெரியுதும்மா, பின்பக்கம் வரைக்கும் தெரியுது” என்றார்.

கிடாரைப் பார்க்காமல் போனதற்கு உங்கள் காலில் விழ வேண்டும். என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

பஸ் கிளம்பி நாற்பது நிமிடம் இருக்கும். அவள் என் தோளைப் பார்த்தாள், காலடியில் பார்த்தாள், எழுந்து மேலே பெட்டி வைக்கும் இடத்தையும் பார்த்தாள்.

“கிடார் எங்க?” என்றாள்.

“எந்தக் கிடார்?” என்றேன்.

சத்தியமாக நடிக்கவில்லை மாமா. அவளுக்கும் அது தெரிந்துவிட்டது. என் முகத்தையே பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள் பாருங்கள், கண்டக்டர் முன்னால் இருந்து எழுந்து வந்து என்ன ஆச்சு என்று கேட்டார். அதற்குள் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஐயோ, மாமா அவ்வளவு பாடுபட்டாரே என்று பதறிப்போய் எழுந்து, பஸ்ஸை நிறுத்தச் சொல்ல வாயைத் திறந்தேன்.

அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “உக்காருங்க. கல்யாணமாகி ஆறு வருஷத்துல நீங்க அதை மறந்தது இதுதான் மொதல் தடவை. நாலு ஊராவது தாண்டட்டும்” என்றாள்.

உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் மருமகன்